சிறு நகரொன்றில் அவசர சேவைகளின் ஒருங்கிணைப்பும் மக்கள் பாதுகாப்பும்

க.பொ.த. (சாதாரண தரம்) குடியியற் கல்வி, புவியியல் மாணவர்களுக்கான துணைப்பாடம்



அனர்த்த முகாமைத்துவம் தொடர்பான வினாவுக்கு விடையளிக்கும்போது பலர் நிறுவனங்களின் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். அந்நிறுவனங்கள் ஒன்றுடன் ஒன்று எவ்வாறு இணைந்து செயற்படுகின்றன என்பதை விளக்கினாலே விடை முழுமை பெறும். அதனை நாம் நன்கறிந்த ஓர் இடத்தை வைத்து இப்பாடத்தில் கற்போம். நமுனுகுலை மலைச்சரிவில் அமைந்துள்ள ஸ்பிரிங்வெளி தோட்டப்பகுதி மக்கள் வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் அலுவலகங்களுக்கும் பதுளை நகரையே நம்பியுள்ளனர். கடும் மழையில் வீதி தடைப்பட்டால் அங்கு என்ன நடக்கும்? யார் யாருக்கு அறிவிக்க வேண்டும்?

1. ஒருங்கிணைப்பு என்றால் என்ன?

பல சேவைகள் தத்தமது கடமையை விட்டுவிடாமல், ஒரே நோக்கத்துக்காக, ஒரே தகவலின் அடிப்படையில், ஓர் ஒழுங்கில் செயற்படுவதே ஒருங்கிணைப்பு ஆகும். பொலிசார் நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பதோ வைத்தியர் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவதோ ஒருங்கிணைப்பு அன்று. அம்புலன்ஸ் வரும் வழியைப் பொலிசார் திறந்து வைத்திருப்பதும், எத்தனை பேர் காயமடைந்துள்ளனர் என்பது வைத்தியசாலைக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதும் ஒருங்கிணைப்பு ஆகும்.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1970 ஆம் ஆண்டு பெரும் காட்டுத்தீ பரவியபோது பல தீயணைப்புப் படைகள் ஒரே களத்தில் இறங்கின. ஆயினும் ஒவ்வொரு படையும் வெவ்வேறு சொற்களையும் வெவ்வேறு கட்டளை முறைகளையும் பயன்படுத்தியதால் குழப்பம் ஏற்பட்டது. அந்த அனுபவத்திலிருந்தே சம்பவக் கட்டளை முறைமை உருவாக்கப்பட்டது. களத்தில் ஒரு தலைமை, யாவருக்கும் விளங்கும் பொதுச் சொற்கள், தெளிவாகப் பிரிக்கப்பட்ட பொறுப்புகள் ஆகிய மூன்றும் அதன் அடிப்படைகளாகும். சிறிய தோட்டமொன்றுக்கும் இம்மூன்றும் பொருந்தும்.

2. இலங்கையின் நிர்வாக ஒழுங்கு

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஏற்பட்ட சுனாமியின் பின்னர், 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இதன்படி சனாதிபதியைத் தலைவராகக் கொண்ட அனர்த்த முகாமைத்துவத் தேசிய பேரவையும், அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அமைக்கப்பட்டன. இவ்வொழுங்கு பின்வருமாறு கீழ்நோக்கி வருகின்றது.

அ. மாவட்ட மட்டம்: மாவட்டச் செயலாளரும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவ ஒருங்கிணைப்புப் பிரிவும்.
ஆ. பிரதேச மட்டம்: பிரதேச செயலாளர். பதுளை மாவட்டத்தில் 15 பிரதேச செயலாளர் பிரிவுகள் உள்ளன.
இ. கிராம மட்டம்: கிராம உத்தியோகத்தரும் கிராம அனர்த்த முகாமைத்துவக் குழுவும்.

தகவல் இவ்வொழுங்கில் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் செல்ல வேண்டும். எச்சரிக்கை மேலிருந்து வருகின்றது. "சுவரில் வெடிப்பு விழுந்துள்ளது, ஊற்று நீர் கலங்கி வருகின்றது" என்ற செய்தி கீழிருந்துதான் செல்ல முடியும்.

3. சேவைகளும் அவற்றின் கடமைகளும்

• பொலிஸ் (119): மக்களை வெளியேற்ற உதவுதல், வீதியை ஒழுங்குபடுத்தல், கைவிடப்பட்ட வீடுகளின் உடைமைகளைப் பாதுகாத்தல்.
• சுவசெரிய அம்புலன்ஸ் (1990): கட்டணமின்றி நோயாளர்களை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல். 2016 ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கிய இச்சேவை பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.
• தீயணைப்புச் சேவை (110): தீயணைத்தல், இடிபாடுகளிலிருந்து மீட்டல்.
• அனர்த்த முகாமைத்துவ நிலையம் (117): அனர்த்தத் தகவல்களைப் பெறுதல், எச்சரிக்கைகளைப் பரப்புதல், சேவைகளை இணைத்தல்.
• வளிமண்டலவியல் திணைக்களம்: மழை, காற்று பற்றிய முன்னறிவித்தல்.
• தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்: மண்சரிவு ஆபத்தை ஆராய்ந்து எச்சரித்தல்.
• சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும்: தற்காலிக முகாம்களில் நீர், மலசலகூடம், நோய்த்தடுப்பு ஆகியவற்றைக் கவனித்தல்.
• முப்படையினர்: பாரிய மீட்புப் பணிகளில் உதவுதல்.

4. மண்சரிவு எச்சரிக்கையின் மூன்று படிகள்

முதலாம் படி, மஞ்சள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை. விழிப்பாக இருக்க வேண்டும்.
இரண்டாம் படி, செம்மஞ்சள்: 24 மணித்தியாலத்தில் 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை. வெளியேற ஆயத்தமாக வேண்டும்.
மூன்றாம் படி, சிவப்பு: 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை. உடனடியாக வெளியேற வேண்டும்.

தட்டையான அடியும் நேரான பக்கங்களும் கொண்ட ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்தால், அதில் தேங்கும் நீரின் ஆழமே பெய்த மழையின் அளவாகும். 150 மில்லிமீற்றர் என்பது 15 சென்ரிமீற்றர். அதாவது உங்கள் அடிமட்டத்தில் சரிபாதி.

நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள், மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல், கதவு யன்னல்கள் இறுகுதல், புதிய ஊற்றுகள் தோன்றுதல் அல்லது இருந்த ஊற்று திடீரென வற்றுதல், நீர் சேறாக வருதல் என்பன மண்சரிவின் முன்னறிகுறிகளாகும். இவற்றைக் கண்டால் அறிவித்தல் வரும்வரை காத்திராமல் வெளியேறிவிட்டு, பின்னர் தகவல் கொடுக்க வேண்டும்.

5. நிகழ்வு ஆய்வு: மீரியபெத்தை, 2014

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்ல பிரதேச செயலாளர் பிரிவில், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தை தோட்டப் பிரிவின் மீது மலைச்சரிவு இடிந்து வீழ்ந்தது. லயன் குடியிருப்புகள் மண்ணுள் புதைந்தன. அது பாடசாலைக்குச் செல்லும் வேளை. வீட்டைவிட்டுப் புறப்பட்டிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடு இருக்கவில்லை. இராணுவத்தினர் உட்படப் பலர் மீட்புப் பணியில் இறங்கினர். தொடர்ந்து பெய்த மழையும் ஆழமான சேறும் அப்பணியைத் தடுத்தன.

இந்நிகழ்விலிருந்து மூன்று விடயங்களைக் கற்கலாம்.

முதலாவது, எச்சரிக்கை மட்டும் போதாது. அவ்விடம் மண்சரிவு ஆபத்துள்ளது என்பது 2005 ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். சொந்த நிலமில்லாத, வேலையும் வீடும் ஒரே தோட்டத்துடன் பிணைந்த குடும்பத்திடம் "இவ்விடத்தை விட்டுப் போங்கள்" என்று மட்டும் கூறினால் அது எங்கே போகும்? எச்சரிப்பவர், மாற்று நிலம் வழங்குபவர், வீடு கட்டுபவர் ஆகிய மூவரும் ஒன்றிணையாவிடின் எச்சரிக்கை வெறும் கடிதமாகவே இருந்துவிடும்.

இரண்டாவது, ஆட்களின் கணக்கு. முதல் நாட்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் காணாமற் போயுள்ளதாகக் கூறப்பட்டது. பின்னர் உயிரிழந்தோரும் காணாமற்போனோரும் 37 பேர் எனக் கணிக்கப்பட்டது. தோட்டத்தின் செக்ரோலில் தொழிலாளர் பெயர் மட்டும் இருக்கும். வாக்காளர் இடாப்பில் வயது வந்தோர் மட்டும் இருப்பர். பாடசாலை இடாப்பில் பிள்ளைகள் மட்டும் இருப்பர். கொழும்பில் வேலை செய்பவரும் விருந்துக்கு வந்தவரும் எதிலும் சரியாகத் தெரியமாட்டார்கள். ஆகவே நேற்றிரவு அந்த லயனில் யார் யார் உறங்கினர் என்பதை எந்த ஓர் இடாப்பும் தனியே கூறாது. எங்கே தோண்டுவது, எப்போது நிறுத்துவது என்பதை மீட்புப் படையினர் தீர்மானிக்க இக்கணக்கு இன்றியமையாதது.

மூன்றாவது, அனர்த்தத்தின் பின்னும் ஒருங்கிணைப்புத் தேவை. இடம்பெயர்ந்தோருக்காகப் பூனாகலைப் பகுதியில் அமைக்கப்பட்ட 75 வீடுகள் 2016 ஆம் ஆண்டில் கையளிக்கப்பட்டன. அதுவரை அக்குடும்பங்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தற்காலிக இடங்களில் வாழ்ந்தன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்றாகும். வீதிகள் பல தடைப்பட்டன. மலையக ரயில் பாதையும் சேதமடைந்தது. வெளியிலிருந்து உதவி வந்துசேரும் வரை, முதல் மணித்தியாலங்களில் அயலவரே மீட்புப் படையினர் என்பதை அந்நாட்கள் மீண்டும் உணர்த்தின.

6. தோட்டப்பகுதியில் கவனிக்க வேண்டியவை

கிராமத்தில் மக்களுக்கும் அரசுக்கும் இடையில் கிராம உத்தியோகத்தர் நேரடியாக இருக்கின்றார். தோட்டத்தில் தோட்ட நிர்வாகமும் இடையில் வருகின்றது. "தோட்டம் பார்த்துக்கொள்ளும்" என்று அரச அலுவலகமும், "அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று தோட்ட அலுவலகமும் எண்ணினால் லயனில் உள்ளவர் இரண்டுக்கும் நடுவில் விடப்படுவார். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை வழங்குவதைக் கட்டுப்படுத்தியிருந்தது. 2018 ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னரே அத்தடை நீங்கியது.

மொழியும் முக்கியமானது. தமிழ் மட்டும் தெரிந்த முதியவரிடம் வேறு மொழியில் வரும் எச்சரிக்கை சென்று சேர்வதில்லை. ஒவ்வொரு லயனிலும் செய்தியைத் தமிழில் அறிவிக்க ஒருவரும், அவர் இல்லாதபோது இன்னொருவரும் முன்கூட்டியே நியமிக்கப்பட வேண்டும். பகலில் தாய்மார் மலையில் கொழுந்து பறிக்கும்போது குழந்தைகள் பிள்ளை மடுவத்தில் இருப்பர். அக்குழந்தைகளை யார் எங்கே கொண்டுசெல்வது என்பதும் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். கோயில் மணி, தொழிற்சாலைச் சங்கு, பிரட்டுக்களம் ஆகியவை மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத வேளையிலும் பயன்படும்.

7. அவசர அழைப்பை மேற்கொள்ளும் முறை

பதற்றத்தில் "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் கூறி அழைப்பைத் துண்டிப்பது தவறு. பின்வரும் ஒழுங்கில் கூறுக.

இடம்: மாவட்டம், தோட்டம், பிரிவு, அருகிலுள்ள கோயில் அல்லது பாடசாலை.
நிகழ்வு: என்ன நடந்தது, எப்போது நடந்தது.
ஆட்கள்: எத்தனை பேர், எவ்வகைக் காயம்.
வழி: வாகனம் எதுவரை வரலாம்.
தொடர்பு: மீள அழைக்க வேண்டிய இலக்கம்.

மாதிரி வினாவும் விடையும்

வினா 1. அவசர சேவைகளின் ஒருங்கிணைப்புக்குத் தேவையான மூன்று அடிப்படைகளைக் குறிப்பிடுக. (3 புள்ளிகள்)
விடை: ஒரு தலைமை, யாவருக்கும் விளங்கும் பொதுச் சொற்கள், தெளிவான பொறுப்புப் பகிர்வு.

வினா 2. ஓரிடத்தில் 24 மணித்தியாலத்தில் 110 மில்லிமீற்றர் மழை பெய்துள்ளது. இது எந்த எச்சரிக்கைப் படிக்கு உரியது? அங்குள்ளோர் செய்ய வேண்டிய இரண்டு செயல்களைக் கூறுக. (3 புள்ளிகள்)
விடை: இரண்டாம் படி, செம்மஞ்சள். ஆவணங்கள், மருந்துகள், உடைகள் ஆகியவற்றைப் பொதி செய்து ஆயத்தமாதல். முதியோர், நோயாளர், கர்ப்பிணிகள் ஆகியோரை முன்கூட்டியே பாதுகாப்பான இடத்துக்கு அனுப்புதல்.

வினா 3. "எச்சரிக்கை மட்டும் உயிரைக் காப்பாற்றாது." மீரியபெத்தை நிகழ்வைக் கொண்டு விளக்குக. (4 புள்ளிகள்)
விடைக்குறிப்பு: ஆபத்து முன்னரே அறியப்பட்டிருந்தமை, மாற்று நிலமும் வீடும் உரிய காலத்தில் கிடைக்காமை, தொழிலும் வசிப்பிடமும் தோட்டத்துடன் பிணைந்திருந்தமை, பொறுப்புடையோர் இணைந்து செயற்பட வேண்டியதன் அவசியம்.

செயற்பாடு

உங்கள் லயனில் அல்லது தெருவில் உள்ள பத்து வீடுகளுக்குச் சென்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் இரவில் தங்குவோர் எத்தனை பேர்? தனியே நடக்க முடியாதவர் யார்? கடும் மழை இரவில் எங்கே போவார்கள்? பட்டியலின் ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் மற்றொன்றைத் தோட்ட அலுவலகத்திலும் ஒப்படையுங்கள். பரீட்சை முடிந்தாலும் அப்பட்டியலை ஒவ்வொரு ஒக்டோபர் மாதத்திலும், மழை தொடங்குமுன், புதுப்பித்து வையுங்கள்.