அஞ்சல்தலைகளில் குகை மனிதர் மூவர்

பொள்ளாச்சி வட்டாரத்து மாணவர்களுக்கு மலைக்குள் ஓடும் தண்ணீர் புதிய செய்தியன்று. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தில், மேற்கு நோக்கி ஓடும் ஆறுகளின் நீர் மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே திருப்பப்படுகிறது. அந்த நீர்தான் நம் வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் வாய்க்காலில் வந்து சேர்கிறது. இது மனிதன் செய்த வேலை. இயற்கையும் சில இடங்களில் மலைக்குள் இப்படி வழி அமைத்துக்கொள்வதுண்டு. அவ்வழிகளே பல குகைகள்.

அஞ்சல்தலை சேகரிப்போர் பறவை, மலர், விளையாட்டு என்று பொருள்வாரியாகப் பிரித்து வைப்பார்கள். குகைக்கென்றும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். அந்தப் பக்கத்தில் இடம்பெறத்தக்க மூவரை இங்கே காண்போம்.

நீரின் வழி கண்டவர்

முதலாமவர் பிரான்சு நாட்டின் நோர்பேர் காஸ்தரே (1897–1987). 2000ஆம் ஆண்டில் பிரான்சு இவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

குகை எப்படி உண்டாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான கார்பானிக் அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறை என்பது கால்சியம் கார்பனேட். அமிலநீர் பட்டால் அது கால்சியம் பைகார்பனேட்டாக மாறி நீரில் கரைந்து போகிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்லிய வெடிப்பு பொந்தாகவும், பொந்து குகையாகவும் விரிகிறது.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே பிரனீசு மலைத்தொடர் நிற்கிறது. அங்கே பனி உருகி வரும் நீர் ஓரிடத்தில் பள்ளத்துக்குள் விழுந்து மறைந்துவிடும். அது எங்கே போகிறது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. அந்த நீரைத் திருப்பி மின்சாரம் எடுக்கும் திட்டமும் அப்போது பேசப்பட்டது. 1931 ஜூலையில் காஸ்தரே ஃபுளோரசீன் என்னும் சாயத்தை 60 கிலோகிராம் அளவில் அப்பள்ளத்தில் கொட்டினார். மலையின் மறுபுறத்தில், கரோன் ஆற்றுக்கு நீர் தரும் ஊற்று பச்சை நிறமாகப் பொங்கியது! மத்தியதரைக் கடல் பக்கம் விழுந்த நீர், மலைக்கு அடியில் புகுந்து அட்லாண்டிக் பக்கம் போவது ஐயமின்றி விளங்கிற்று. மேலே நீரைத் திருப்பினால் கீழே ஓர் ஆறே இளைத்துப் போகும் என்பதும் விளங்கிற்று.

இருளில் உயிர் கண்டவர்

இரண்டாமவர் ருமேனியாவின் எமில் ரகோவிட்சா (1868–1947). தாய்நாட்டின் அஞ்சல்தலைகளில் இடம்பெற்றவர். 1897 முதல் 1899 வரை 'பெல்ஜிகா' கப்பலில் தென்துருவப் பகுதிக்குச் சென்று வந்த உயிரியல் அறிஞர். 1904இல் மல்லோர்க்கா தீவின் குகை ஒன்றில் நிறமற்ற, பார்வையற்ற சிறு நீர்ப்பிராணி ஒன்றைக் கண்டார். அதன்பின் அவர் ஆராய்ச்சி குகைகளின் பக்கம் திரும்பியது. 1920இல் குளூஜ் நகரில் உலகின் முதல் குகையியல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார்.

குகைப் பிராணிகளுக்குக் கண் ஏன் இல்லை? 'பயன்படுத்தாததால் தேய்ந்துவிட்டது' என்று பலர் சொல்வர். அது சரியான விளக்கம் அன்று. வெளிச்சத்தில் வாழும் பிராணி குருடாகப் பிறந்தால் பிழைப்பது அரிது. முழு இருளில் அப்படிப் பிறந்தாலும் அதற்கு நட்டம் இல்லை. கண்ணை வளர்க்கச் செலவாகும் சக்தி மிச்சமாவதால் இலாபமும் உண்டு. ஆகவே அத்தகைய பிராணிகள் தலைமுறை தலைமுறையாகப் பெருகுகின்றன. நிறம் மறைவதும் பெரும்பாலும் இவ்வாறே.

இருளில் ஒளிச்சேர்க்கை நடவாது. எனவே பெரும்பாலான குகைகளில் உணவு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். வெள்ளம் அடித்து வரும் சருகு ஒரு வழி. வௌவாலின் எச்சம் மற்றொரு வழி. வௌவால் குகையை விட்டுப் போய்விட்டால் அதன் எச்சத்தை நம்பி வாழும் பூச்சிகள் பட்டினி கிடக்கும்.

வௌவாலுக்குப் பெயர் தந்தவர்

மூன்றாமவர் நம் நாட்டவர், பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987). அவருடைய நூற்றாண்டான 1996இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. கோவைக்கு அருகே ஆனைகட்டியில் 1990இல் தொடங்கப்பட்ட பறவையியல் ஆராய்ச்சி மையமும் அவர் பெயரைத் தாங்கியது. பறவை அறிஞருக்கும் குகைக்கும் என்ன தொடர்பு?

1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் இன்றைய தேனி மாவட்டத்து மேகமலையில் ஒரு வௌவாலைப் பிடித்தார். அதன் உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சாதாரணப் பழந்தின்னி வௌவால் என்று எண்ணி, அந்தப் பெயர்ச்சீட்டைக் கட்டி வைத்துவிட்டார்கள். 24 ஆண்டுகள் அது அப்படியே இருந்தது. பிறகு தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை ஆராய்ந்தார். வாலே இல்லை, பற்களும் வேறுவிதமாக இருந்தன. இது புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே என்று கண்டு, 1972இல் 'லாட்டிடென்ஸ் சாலிம்அலியை' என்று பெயரிட்டார். 'லாட்டிடென்ஸ்' என்றால் அகன்ற பல் என்று பொருள். இப்பேரினத்தில் அறியப்பட்ட இனம் இது ஒன்றே.

பழந்தின்னி வௌவால்களில் பல மரங்களில் தொங்கும். இதுவோ குகைகளில் தங்குவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே காணப்படுகிறது. அங்குள்ள பாறை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் அன்று. பாறை வெடிப்புகளும், பெரும்பாறைகள் சாய்ந்து உண்டான பொந்துகளுமே குகைகளாகும். இரவில் காட்டுப் பழங்களைத் தின்று விதைகளைத் தொலைவில் உதிர்ப்பதால், இத்தகைய வௌவால்கள் காட்டுக்கு விதை தூவும் உழவர்கள். அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டுள்ளது.

பெயரிட்ட கிட்டியின் கதையும் கேட்கத் தக்கது. தாய்லாந்தின் சுண்ணாம்புக் குகைகளில் சுமார் 2 கிராம் எடையே உள்ள குட்டி வௌவாலை அவர் கண்டெடுத்தார். அதற்குப் பெயரிடும் முன்பே 1974இல் மறைந்தார். அதே ஆண்டில் ஆங்கில அறிஞர் ஜான் ஹில் அந்த வௌவாலுக்குக் கிட்டியின் பெயரையே சூட்டினார்.

நாம் செய்யத் தக்கது

மூவரின் பணியும் ஒரே உண்மையைச் சொல்கிறது. குகை தனி உலகமன்று. அதன் நீர் வெளியே ஆறாகிறது. வெளியே விளைந்த உணவு உள்ளே உயிர் காக்கிறது. உள்ளே தங்கும் வௌவால் வெளியே காடு வளர்க்கிறது. ஒன்றைக் கெடுத்தால் மற்றதும் கெடும்.

வௌவால்கள் பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனும். குகைக்குள் புகை போடுவதும், வெடி வெடிப்பதும், டார்ச் விளக்கை அடித்துக் கூச்சலிடுவதும் குட்டியோடு தொங்கும் தாய்களைக் கலைத்துவிடும். கீழே விழுந்த குட்டி பிழைப்பது அரிது. இழந்த எண்ணிக்கையை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே மலைக்குச் செல்லும்போது வௌவால் தங்கும் பொந்துகளுக்குள் நுழையாதீர்கள். மாலையில் தொலைவில் நின்று, அவை வெளியேறும் நேரத்தைக் குறித்து வந்தாலே அது நல்ல ஆராய்ச்சி.

செய்து பாருங்கள்: முட்டை ஓடும் கால்சியம் கார்பனேட்டால் ஆனதே. ஒரு துண்டை வினிகரில் போட்டு, எழும் குமிழிகளைக் கவனியுங்கள். மற்றொரு துண்டை வெறும் தண்ணீரில் இட்டு ஒரு நாள் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

சிந்தியுங்கள்: 1. ஃபுளோரசீன் சாயம் கலக்காமல் காஸ்தரேயின் முடிவை வேறு எவ்வாறு நிறுவலாம்? 2. மேகமலை வௌவாலின் உடலை 24 ஆண்டுகள் பாதுகாத்து வைத்திராவிட்டால் அறிவியல் எதை இழந்திருக்கும்?