ஒரு நாளில் ஆகிய இசைத்தட்டு

நூலொன்றைக் கையிலெடுத்தால், அதனை ஆக்கியோன் யார், எக்காலத்தில், எக்காரணம் பற்றி ஆக்கினான் என்று வினவிய பின்னரே அதனுட் புகுதல் நம்மனோர் வழக்கம். இசைத்தட்டை அவ்வாறு வினவுவார் அரியர். ஆதலின், ஹெவி மெட்டல் எனப்படும் மேனாட்டு இசைவகைக்கு முதல் நூலாகப் பலராலும் கொள்ளப்படும் தட்டொன்றை எடுத்துக்கொண்டு, அஃது ஆகிய வரலாற்றை இங்கே ஆராயப் புகுந்தோம். அத்தட்டின் பெயரும் அதனை இசைத்த குழுவின் பெயரும் ஒன்றே: பிளாக் சாபத். இப்பெயரைக் கேட்ட அளவிலேயே, 'இது நம் கல்லூரி மலருக்கு ஏலாது' என்பாரும் உளர். 'வெறும் இரைச்சல்' என்பாரும் உளர். இரு திறத்தாரும் சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகின்றோம்.

குழுவினர் நால்வர். கிதார் இசைத்தவர் டோனி அயோமி. பாடியவர் ஆஸி ஆஸ்பர்ன். பேஸ் கிதார் கீசர் பட்லர். முழவு பில் வார்ட். நால்வரும் இங்கிலாந்திலே பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களிற் பிறந்தவர். அயோமி பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். அவ்வேலையை விட்டு நீங்கவிருந்த கடைசி நாளில், தாம் பழகாத பொறியொன்றில் நிற்க நேர்ந்தது. பொறி வலக்கையில் இறங்கிற்று. நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் போயின. அவரோ இடக்கைப் பழக்கமுடையவர். ஆகவே தந்தியை அழுத்துவது வலக்கை. கலைக்கு வேண்டிய விரல்களே சென்றுவிட்டன என்க.

தளர்ந்து கிடந்த இளைஞருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொணர்ந்து கேட்பித்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் இசைத்தது. 1928-ஆம் ஆண்டுத் தீவிபத்தில் இடக்கை விரல்கள் இரண்டு பயனிழந்தும், கிதாரிற் பெரும்புகழ் எய்தியவர் அவர். இதனைக் கேட்டறிந்த அயோமி, பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, தையற்காரர் மாட்டும் அங்குஸ்தான் போன்ற உறைகள் செய்து, பழந்தோலை மேலே ஒட்டி, விரல்களில் அணிந்துகொண்டார். கனத்த தந்திகளை அவ்விரல்களால் வளைத்தல் இயலாமையின், மெல்லிய தந்திகளைத் தேடினார். அக்காலத்துக் கடைகளில் அவை கிட்டாமையால், பாஞ்சோ என்னும் கருவியின் தந்திகளைப் பூட்டினார். பல சுரங்களைப் பரப்பி அழுத்துதல் அரிதாகவே, ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் மாத்திரம் சேர்த்து ஒலிக்கும் எளிய கூட்டினைப் பெரிதும் கையாண்டார். ஹெவி மெட்டலின் கன ஓசைக்கு அடிப்படை அக்கூட்டே. வெண்பாவிற்குரிய கட்டுப்பாடு ஒன்றனுக்குத் தளை என்று பெயரிட்ட நம் இலக்கண ஆசிரியர், இதனைக் கேட்டிருந்தால் வியந்திரார்.

இனிப் பதிவைக் காண்போம். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், லண்டனில் ரீஜெண்ட் சவுண்ட் என்னும் பதிவுக்கூடத்தில் நால்வரும் கூடினர். தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின். ஒலிப்பொறியாளர் டாம் ஆலம். இருந்த கருவியோ நான்கு தடம் மட்டும் உடைய காந்த நாடாப் பொறி. பிற்காலத்தார்போல ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிந்து, பன்முறை திருத்தி அடுக்குதற்கு இடமில்லை, பொருளுமில்லை. மேடையில் இசைப்பது போலவே அனைவரும் ஒருங்கே இசைத்தனர். பாடுவோர் மட்டும் தனியறையில் நின்று உடன் பாடினார். ஒரே நாளிற் பதிவு முடிந்தது. பின்னர்ச் சேர்த்தவை மிகச் சில: முதற்பாட்டின் தொடக்கத்துக்கு மழை, இடி, கோயில் மணி ஆகியவற்றின் ஓசை, இரண்டு பாட்டுகளில் கிதாரின் தனியிசையை இரட்டித்தல். இத்தட்டை இன்று கேட்பார்க்கும் நால்வரும் ஒரே அறையில் மூச்சுவிடுவது போன்ற உணர்ச்சி தோன்றுவதற்கு இவ்வறுமையே காரணம் என்பது எம் துணிபு.

முதற்பாட்டின் அடிப்படை மூன்று சுரங்களே. நம் முறையிற் கூறின், ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பின்னர்ப் பிரதி மத்தியமம். ஹோல்ஸ்ட் என்னும் ஆங்கில இசைப்புலவர் செவ்வாய்க் கோளைப் பற்றி இயற்றிய பகுதியைப் பட்லர் விரும்பி வாசித்து வந்தார். அதன் சாயலில் அயோமிக்கு இஃது உதித்தது. இவ்விடைவெளியை மேனாட்டார் 'இசையிலுள்ள பிசாசு' என்பர். இடைக்காலத் திருச்சபை இதனைத் தடைசெய்ததென்று பலரும் எழுதுவது ஆதாரமற்ற கதை. கல்யாணி இராகத்தைக் கேட்டுருகும் நம் செவிக்குப் பிரதி மத்தியமத்திற் பிசாசு தோன்றுதல் இல்லை. இங்கே அச்சத்தை விளைப்பது சுரமன்று, அது வரும் மெதுநடையும் இருட்குரலுமே.

குழுவின் பெயர் 1963-இல் வந்த அச்சப் படமொன்றன் பெயர். முதற்பாட்டின் பொருளோ, கரிய உருவமொன்றைக் கண்டு நடுங்கும் ஒருவன் கடவுளை உதவிக்கு அழைத்தல். உறையின் உட்புறத்திலே தலைகீழ்ச் சிலுவையை அமைத்தது உறை வகுத்தோர் செயல். குழுவினர் முன்னர் அறியார். அவர்கள் கழுத்தில் அணிந்த நேரிய சிலுவைகளோ, ஆஸ்பர்னின் தந்தையார் அலுமினியத்தால் தம் கையாற் செய்து தந்தவை. பெயரைக் கண்டு வெருளாது உள்ளீட்டை நோக்குக என்று மட்டும் கூறி அமைகின்றோம்.

நாடாவிற் பதிந்த ஓசை தட்டாகும் வகை அறியத்தக்கது. அரக்கு போன்ற லாக்கர் பூசிய அலுமினியத் தட்டு சுழல, சூடேற்றிய கூரிய ஊசி ஓசைக்கேற்ப அசைந்து வரிப்பள்ளம் அறுக்கின்றது. ஒரு பக்கம் முழுதும் இடைநில்லாது ஒரே ஓட்டத்தில் அறுக்கப்படல் வேண்டும். இடையிற் பிழைத்தால் புதுத்தட்டிலிருந்து தொடங்குவதன்றி வேறு வழியில்லை. தாழ்ந்த ஓசை ஊசியை அகல அசைப்பதால் மிகுந்த இடம் கொள்ளும். ஆகவே அறுக்கும்போது தாழ்வோசையைக் குறைத்தும் உயர்வோசையைக் கூட்டியும் அறுப்பர். கேட்குங்கால் பெருக்கி அதனை எதிராக மாற்றி நேர்செய்யும். பக்கம் நீளுந்தோறும் வரிகள் நெருங்கும். ஓசையின் வலியைக் குறைக்க நேரும். இத்தட்டு இரு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 38 நிமிடமே ஆகலின், கனத்த ஓசைக்கு இடம் கிடைத்தது.

அறுத்த தட்டின்மேல் வெள்ளி பூசி, மின்முறையால் நிக்கல் படியவைத்துப் பெயர்த்தெடுப்பர். பள்ளம் மேடாகத் தோன்றும் அதனைத் தந்தை என்றும், அதிலிருந்து எடுக்கும் நேர்ப்படியைத் தாய் என்றும் வழங்குவர். தாயினின்று பிறக்கும் அச்சுகள் இரண்டன் இடையே வைனில் உருண்டையை வைத்துச் சூட்டுடன் அழுத்தினால் தட்டு தயார். விரலைக் கொண்டுபோனதும் ஓர் உலோகப் பொறி. அவ்விரலின் இசையை உலகெங்கும் பரப்பியதும் ஓர் அழுத்துபொறி.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று வெர்டிகோ நிறுவனம் தட்டை வெளியிட்டது. திறனாய்வாளர் பலர் இகழ்ந்தனர், மக்களோ வாங்கினர். இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் அஃது எட்டாம் இடம் எய்திற்று.

1971-இல் வந்த மூன்றாம் தட்டாகிய மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியிலே, விரல் நோவைத் தணிக்கும் பொருட்டு அயோமி தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தினார். ஓசை இன்னும் கனத்தது. பின்வந்த ஹெவி மெட்டல் குழுவினர் பலர், பத்து விரலும் நலமாக உடையராயிருந்தும், தம் கிதார்த் தந்திகளைத் தாமே தளர்த்திக்கொண்டனர்.