கார் உருவாகும் விதம்

1985ஆம் ஆண்டு ஷா ஆலம் தொழிற்சாலையிலிருந்து நம் நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா வெளிவந்தது. கார் எவ்வாறு உருவாகிறது என்பதைக் காண்போம்.

முதலில், அழுத்து இயந்திரங்கள் எஃகுத் தகடுகளைக் கதவாகவும் கூரையாகவும் வடிக்கின்றன. இயந்திரக் கைகள் அவற்றைப் பற்றவைத்துக் கூடாக்குகின்றன. அக்கூடு துருத்தடுப்புக் கரைசலில் மூழ்கியெழுந்து, பின் சாயம் பெறுகிறது. அடுத்து, நகரும் வரிசையில் தொழிலாளர்கள் இயந்திரத்தையும் சக்கரங்களையும் பொருத்துகின்றனர். தோட்டத் தொழிலாளர் மரம் சீவி எடுக்கும் பாலும் டயராகி அங்கு வந்து சேர்கிறது.

அவ்வரிசை ஓயாது நகரும். ஆயினும், டோயோட்டா ஆலைகளில் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ அதனை நிறுத்தலாம். அது குற்றமன்று, கடமை. கரும்பலகையில் யாம் எழுதியதில் பிழை காணினும், அஞ்சாது எழுந்து கூறுங்கள்.