‘நைஸ்’: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

சொல்லின் வடிவம் நிலைத்திருக்க, அதன் பொருள் காலப்போக்கில் மாறுவது மொழிகளின் பொது இயல்பு. மொழியியலார் இதனைச் சொற்பொருள் மாற்றம் என்பர். ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் ‘நைஸ்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

‘நல்ல’, ‘இனிய’ என இன்று பொருள் தரும் இச்சொல்லின் மூலம், ‘அறியாத’ எனப் பொருள்படும் ‘நெஸ்கியுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லாகும். இதில் ‘நெ’ என்பது எதிர்மறையையும் ‘ஸ்கிரே’ என்பது அறிதலையும் குறிக்கும். ‘சயின்ஸ்’ என்னும் சொல்லும் ‘ஸ்கிரே’ வழிவந்ததே. பழைய பிரெஞ்சு வழியாக ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் புகுந்தபோது, ‘நைஸ்’ என்பது அறிவற்றவரைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டில் ‘நுட்பமான’, ‘துல்லியமான’ என்னும் பொருள்களைப் பெற்றது. 18ஆம் நூற்றாண்டில் ‘இனிய’ என்னும் பொருள் பரவியது.

அப்பரவலுக்கு எதிர்ப்பும் எழுந்தது. 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்தாங்கர் அபே’ புதினத்தில், ஹென்றி டில்னி என்னும் பாத்திரம் எதனைப் பாராட்டவும் இவ்வொரு சொல்லையே ஆளும் வழக்கத்தை எள்ளி நகையாடுகிறது. எல்லாவற்றையும் புகழும் சொல் எதனையும் தனித்துக் காட்டாது என்பதே அந்நகையாடலின் உட்கருத்து.

இழிந்த பொருள் உயர்ந்த பொருளாவது உயர்பொருட்பேறு எனப்படும். கள்ளுண்டு மயங்குதலைக் குறித்த ‘களிப்பு’, மகிழ்ச்சியைக் குறிக்கலானதும் அத்தகையதே. நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ இன்று தீய மணத்தை மட்டும் குறிப்பது இழிபொருட்பேறு.

தமிழ்ப் பேச்சுவழக்கிலும் ‘நைஸ்’ புதுப்பொருள்கள் பெற்றுள்ளது. ‘மாவை நைஸாக அரை’ என்பதில் மென்மையையும், ‘நைஸாக நழுவினான்’ என்பதில் பிறர் அறியாமற் செய்தலையும் அது உணர்த்துகிறது.

பொருள் மாற்றத்தை அறியாதவர் பழைய நூல்களைப் பிழைபடவே உணர்வர். 14ஆம் நூற்றாண்டு ஆங்கில நூலொன்றில் ‘நைஸ்’ எனச் சுட்டப்பட்ட ஒருவரை ‘நல்லவர்’ என மொழிபெயர்த்தால், இகழ்ச்சி புகழ்ச்சியாகிவிடும். இன்றும் ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்னும் தொடர் ‘நல்ல வேறுபாடு’ அன்று. ‘நுண்ணிய வேறுபாடு’ என்பதே அதன் பொருள். ஆகவே, அகராதி தரும் பொருள்களுள் உரியதைத் தெரிந்தெடுக்க, சொல் வழங்கிய காலத்தையும் இடத்தையும் நோக்குதல் இன்றியமையாதது.