அட்டை அவிப்பதா, உயிராக விற்பதா?

கேள்வி: எங்கள் ஊரில் கடலட்டை பிடிக்கிறார்கள், ஆனால் ஒருவரும் சாப்பிடுவதில்லை. இதை யார் வாங்குகிறார்கள்? பதப்படுத்தி விற்றால் லாபமா?
- வாசகி, பேசாலை

பதில்: வாங்குபவர்கள் பெரும்பாலும் சீனர்கள். சரக்கு ஹொங்கொங், சிங்கப்பூர் வழியாகவும் போகிறது. இந்த வணிகம் நம் கடலில் பல நூற்றாண்டுகள் பழையது.

லாபம் கைப்பக்குவத்தில் இருக்கிறது. வெள்ளை அட்டையைக் கீறிக் குடலை எடுத்து, அவித்து, ஈர மணலில் புதைத்து வைப்பார்கள். மேல்தோல் இளகியதும் தேய்த்துச் சுண்ணாம்புப் படிவை நீக்கி, மறுபடி அவித்து, கல்லுப் போல இறுகும் வரை வெயிலில் காயவிடுவார்கள். எடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் உயிர் அட்டையின் விலையையும் காய்ந்ததன் விலையையும் கிலோவுக்குக் கிலோ ஒப்பிட வேண்டாம். கீறல் கோணினாலோ, சுண்ணாம்பு மிஞ்சினாலோ, உள்ளே ஈரம் நின்றாலோ தரம் குறையும். பெரிய அட்டைக்கே நல்ல விலை.

இந்தியா 2001இல் கடலட்டையை முற்றாகத் தடை செய்தது. இலங்கையில் உரிமத்தோடு பிடிக்கலாம். ஏற்றுமதிக்கும் அனுமதி வேண்டும். நம் கரையில் அட்டைப் பண்ணைகளும் வந்துவிட்டன. ஆனால் அவை சிறு மீனவரின் களங்கண்ணி வலை கட்டும் இடத்தையும் இறால் பிடிக்கும் இடத்தையும் விழுங்குமானால், ஏற்றுமதியில் வரும் டொலர் நமக்கு நட்டக்கணக்கே.

ஊரிலேயே பெண்கள் சேர்ந்து அவித்துக் காயவைத்து, தரம் பிரித்து விற்பதே என் யோசனை. குஞ்சு அட்டை வந்தால் கடலிலேயே விட்டுவிடுங்கள்.