ஆரஞ்சு வெளிச்சத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

"சார், வால்வு போனோ ஸ்டேஜ் போட்டாத்தான் ரெக்கார்டு ரெக்கார்டு மாதிரி பாடுமாமே?"

என்னிடம் ஆம்ப்ளிஃபயரை சர்வீஸுக்குக் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுவிடுகிறார்கள். மீதிப் பேர் கேட்பதில்லை, ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். யார் சொன்னது என்றால் யாருக்கும் தெரியாது. "எல்லாரும் சொல்றாங்க சார்" என்பதுதான் பதில். டிரான்சிஸ்டரும் ஐசியும் பாட்டை வறட்டிவிடுமாம். வால்வு வந்துதான் அதில் ஈரம் சேர்க்குமாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போனோ ஸ்டேஜ் என்கிற அந்தப் பெட்டிக்கு என்ன வேலை என்று முதலில் பார்த்துவிடலாம். சாதாரண எம்.எம். (மூவிங் மேக்னட்) வகைக் கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் இன்புட் எதிர்பார்ப்பது அதைப்போல நூறு மடங்கு. அந்த நூறு மடங்கைப் பெருக்கித் தருவது முதல் வேலை. இரண்டாவது வேலைதான் பெரியது. ரெக்கார்டு வெட்டும்போது பேஸை அடக்கி, டிரெபிளைத் தூக்கி வெட்டுகிறார்கள். பேஸை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக அலைந்து பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும், ஒரு பக்கத்தில் இருபது நிமிடப் பாட்டு அடங்காது. டிரெபிளைத் தூக்கி வெட்டினால், கேட்கும்போது அதை இறக்கும் நேரத்தில் தட்டின் இரைச்சலும் கூடவே இறங்கும். எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு இறக்குவது என்று கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 1954-ல் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. ஒரே கணக்கை வகுத்தது. மற்ற நாடுகளும் அதற்கு வந்து சேர்ந்தன.

கேட்கும் பக்கத்தில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். 1,000 ஹெர்ட்ஸை அடிப்படையாக வைத்தால் 20 ஹெர்ட்ஸை 19 டெசிபெலுக்குச் சற்று மேல் தூக்க வேண்டும், 20,000 ஹெர்ட்ஸை ஏறக்குறைய அதே அளவு இறக்க வேண்டும். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நடுவே பெருக்கத்தில் சுமார் 90 மடங்கு வித்தியாசம். இதைச் சரியாகச் செய்கிற பெட்டி நல்ல பெட்டி. செய்யாதது, எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும், தப்பான பெட்டி.

இந்தக் கணக்கைப் போடுவது யார்? நாலைந்து ரெசிஸ்டரும் கெபாசிட்டரும். வால்வும் அல்ல, ஐசியும் அல்ல. 3180, 318, 75 மைக்ரோ செகண்ட் என்று மூன்று அளவுகள். அவற்றைப் பிடிக்கிற மாதிரி மதிப்புகளைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. 1979-ல் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் என்கிற கணித அறிஞர், ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் இந்தச் சுற்றுகளை அலசி எழுதினார். அதுவரை புழங்கிய வடிவமைப்புச் சூத்திரங்கள் பலவற்றில் பிழை இருக்கிறது, அதனால் ரெசிஸ்டர், கெபாசிட்டர் மதிப்புகளே தவறாகப் போகின்றன என்று காட்டினார். பழைய பெட்டிகள் பல வேறுவேறு மாதிரி பாடியதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை. ஆனால் "உங்க 75 மைக்ரோ செகண்ட் கொஞ்சம் தள்ளிப்போச்சு" என்று சொன்னால் யார் பணம் கொடுப்பார்கள்? "வால்வு சவுண்ட்" என்றால் கொடுக்கிறார்கள்.

"நான் என் காதால் கேட்டேன், வித்தியாசம் இருக்கிறது" என்று சொல்கிறவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. வித்தியாசம் இருக்கும். எதனால் என்பதுதான் கேள்வி. ஆடியோ டெக்னிகாவின் விஎம்95இ கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்வோம். அதன் சுருளுக்கு 550 மில்லிஹென்றி இண்டக்டன்ஸ். அதற்கு மொத்தமாக 100 முதல் 200 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் இருக்கட்டும் என்று கம்பெனியே சொல்கிறது. மொத்தம் என்றால் டோன்ஆர்ம் ஒயர், கேபிள், போனோ ஸ்டேஜின் இன்புட் எல்லாம் சேர்த்து. 200 இருந்தால் சுருளும் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து அதிர்வது 15,000 ஹெர்ட்ஸ் பக்கம். 400 ஆக்கினால் அது 10,700-க்கு இறங்கிவிடும். அங்கே ஒரு மேடு எழும்பி, அதற்கு மேலே இருப்பதெல்லாம் சரியும். இதைக் கேட்க நாய்க்காது தேவையில்லை.

12ஏஎக்ஸ்7 வால்வைப் பாருங்கள். அதன் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே இரண்டு பிகோஃபாரடுக்கும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வால்வு சிக்னலை ஐம்பது, அறுபது மடங்கு பெருக்குகிறது. மில்லர் விளைவு என்று பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான் இது. இன்புட்டிலிருந்து பார்த்தால் அந்தச் சின்ன மதிப்பு நூறு பிகோஃபாரட் அளவுக்கு வீங்கிவிடுகிறது. அதோடு நீளமான கேபிளும் சேர்ந்தால் 300, 400-ஐத் தொட்டுவிடலாம். மேல் முனை சரிகிறது, "ஆகா, என்ன ஈரம்!" என்கிறார்கள். அந்த ஈரம் வேண்டுமென்றால் ஐசி ஸ்டேஜின் இன்புட்டில் ஒரு 150 பிகோஃபாரட் கெபாசிட்டரைச் சால்டர் செய்துகொள்ளுங்கள். விலை சில்லறைக் காசு.

இதுவாவது உண்மையான வால்வு. சந்தையில் குறைந்த விலைக்கு "டியூப் போனோ" என்று விற்கிறவற்றில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிற பெட்டி. உள்ளே பெருக்குகிற வேலையையும் ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கையும் செய்துகொண்டிருந்தது எட்டுக் கால் ஐசி ஒன்று. அதற்குப் பின்னால், வெளியே போகிற வழியில், பெயருக்கு இரண்டு குட்டி வால்வுகள். ஒழுங்காக வேலை செய்ய நூறு, இருநூறு வோல்ட் கேட்கிற சாதி அது. பட்டினி போட்டு வைத்திருந்தார்கள். சாக்கெட்டின் நடுவே ஓட்டை, அதன் வழியே ஆரஞ்சு எல்இடி. வால்வைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். ஓட்டைக்குள்ளிருந்து அதே ஆரஞ்சு வெளிச்சம் ஜம்மென்று வந்தது. கல்யாண வீட்டு சீரியல் பல்புக்கும் நாகஸ்வரத்துக்கும் என்ன சம்பந்தமோ, அந்த வெளிச்சத்துக்கும் பாட்டுக்கும் அதே சம்பந்தம்தான்.

கடையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டு. நிஜ வால்வின் ஹீட்டர் மெதுவாகச் சூடேறும். பல நொடிகள் கழித்துத்தான் உள்ளே இழை மங்கலாகச் சிவக்கும். சுவிட்ச் போட்ட கையோடு அடியிலிருந்து பளிச்சென்று எரிந்தால் அது எல்இடி. கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1980-களின் தமிழ்ப் பட எல்பிகளைத்தான் இங்கே பெரும்பாலும் தேடித் தேடி வாங்குகிறோம். அந்தக் காலத்துப் பெரிய ஸ்டுடியோ கன்சோல்களில் ஓடியது என்.இ. 5534 மாதிரியான ஐசிகள். நாய்மன் கம்பெனி 1974-ல் கொண்டுவந்து உலகெங்கும் பரவிய எஸ்எக்ஸ்74 கட்டர், தட்டு வெட்டுகிற இயந்திரத்தின் தலை, டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில்தான் ஓடியது. ஒரு பாட்டு டேப்புக்குப் போய்த் தட்டில் ஏறுவதற்குள் எத்தனை டிரான்சிஸ்டரையும் ஐசியையும் தாண்டி வந்திருக்கும்! அப்போதெல்லாம் வறளாத பாட்டு உங்கள் வீட்டு ஷெல்ஃபில் இருக்கிற கடைசி ஒரு ஐசியில் வந்துதான் வறண்டுவிடுமா?

வால்வு கெட்டது என்று நான் சொல்லவில்லை. 1950-களின் கடைசியில் வந்த மரான்ட்ஸ் 7 ப்ரீஆம்ப்பில் ஆறு 12ஏஎக்ஸ்7. அதன் போனோ சுற்றை இன்றும் பார்த்து நகல் எடுக்கிறார்கள். ஆனால் நன்றாகச் செய்த வால்வு ஸ்டேஜும் நன்றாகச் செய்த ஐசி ஸ்டேஜும் ஒன்றைப்போல ஒன்று பாடும். இரண்டும் ஒரே கணக்கைச் சரியாகப் போடுகின்றன, அவ்வளவுதான்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? என் முதல் கேள்வி, எத்தனை வோல்ட்டில் ஓடுகிறது என்பது. 5 வோல்ட் யூஎஸ்பியில் ஓடுகிற ஸ்டேஜ், 100 மடங்கு பெருக்கம் வைத்தால், 15 மில்லிவோல்ட் பக்கத்திலேயே மூச்சு முட்டிவிடும். உரத்த பாட்டின் உச்சத்திலும் தட்டில் கீறல் வரும் இடத்திலும் கார்ட்ரிட்ஜ் அதைத் தாண்டும். அங்கே பாட்டு கரகரக்கும், பழி தட்டின் மேல் விழும். உள்ளே பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட்டில் ஓடுகிற ஸ்டேஜ் 100 மில்லிவோல்ட் வரை தாங்கும். அடுத்து, இன்புட் கெபாசிட்டன்ஸை மாற்ற ஒரு சின்ன சுவிட்சாவது இருக்கிறதா என்று பாருங்கள். என்.இ. 5532 போட்டிருந்தால் முகம் சுளிக்காதீர்கள். டக்ளஸ் செல்ஃப் மாதிரியான வடிவமைப்பாளர்களே எம்.எம். சுற்றுக்கு அந்தக் குடும்பத்து ஐசியைத்தான் சொல்கிறார்கள்.

மற்ற புரளிகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

ஆம்ப்ளிஃபயரிலேயே இருக்கும் போனோ இன்புட் குப்பையாம். 1970-களின் நல்ல ஜப்பான் ரிசீவர் வீட்டில் இருந்தால், காய்ந்துபோன எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களை மாற்றிக் கேளுங்கள். வெளிப்பெட்டியே வேண்டாம் என்பீர்கள்.

ஆக்ஸில் செருகி வால்யூமை ஏற்றினால் போதுமாம். போதாது. மேலே சொன்ன 90 மடங்கை வால்யூம் குமிழ் எப்படிச் சரிசெய்யும்? டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கும்போது அதைப் போனோ இன்புட்டில் செருகுகிறவர்களும் உண்டு. கணக்கு இரண்டு தடவை நடந்து பேஸ் மட்டும் இடிக்கும். பின்பக்கத்து சுவிட்சைப் பாருங்கள்.

எம்.சி. (மூவிங் காயில்) இன்புட் உயர்ந்த ரகமாம், அதில் எம்.எம். கார்ட்ரிட்ஜைப் போட்டால் இன்னும் நன்றாகப் பாடுமாம். டெனான் டிஎல்-103 மாதிரி 0.3 மில்லிவோல்ட் தருகிறவற்றுக்கு ஆயிரம் மடங்கு பெருக்கம் வேண்டும், அதற்காக வைத்தது எம்.சி. இன்புட். எம்.எம். கேட்பது 47 கிலோ ஓம் லோடு. எம்.சி. இன்புட்டின் நூறு ஓமில் கொண்டுபோய்ச் செருகினால் டிரெபிள் செத்துவிடும்.

இருநூறு மணி நேரம் ஓட விட்டால் பெட்டி "திறந்துகொள்ளும்" என்பதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

"ஹம் வருது, வேற போனோ ஸ்டேஜ் சொல்லுங்க" என்கிறவர்களுக்கு மட்டும் நேரம் உண்டு. போனோ ஸ்டேஜ் 50 ஹெர்ட்ஸை 1,000 ஹெர்ட்ஸைவிட 17 டெசிபெல் கூடுதலாகப் பெருக்குகிறது. நம் வீட்டு மின்சாரமும் அதே 50 ஹெர்ட்ஸ். ஆக, ஒயரிங்கில் இருக்கிற அழுக்கை எழுநூறு மடங்கு பெரிதாக்கி உங்கள் காதில் ஊற்றுகிறது அந்தப் பெட்டி. பெட்டியை மாற்றி என்ன பயன்? டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய தனி ஒயரைப் போனோ ஸ்டேஜின் பின்னால் இருக்கும் ஜிஎன்டி திருகில் முறுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பலர் அதைச் சுருட்டி அப்படியே தொங்க விட்டிருப்பார்கள்.

இதைவிட மோசம் "எர்த் பின்னை வெட்டிடுங்க, ஹம் போயிடும்" என்கிற யோசனை. போகும், சில நேரம். வால்வு பெட்டிக்குள் மெயின்ஸ் கரண்ட் வருகிறது. உள்ளே ஃபேஸ் ஒயர் கழன்று உலோகக் கூட்டில் பட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் கூட்டைத் தொடுகிற பிள்ளை போகும். ஒலிக்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிறவன் ரசிகனே அல்ல.

பல வீடுகளில் மூணு பின் சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. ஒயர் இருந்தாலும் எர்த் குழி காய்ந்து கிடக்கும். எர்த்திங்குக்கு ஐ.எஸ். 3043 என்று இந்தியத் தர விதி இருக்கிறது. வீடு கட்டும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கிறவர் எத்தனை பேர்? டைல்ஸ் நிறத்துக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறோம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழுதாக எரிய வேண்டும். கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி இருந்தால் அது டிரிப் ஆகும், அதுவும் நல்ல செய்திதான். மங்கலாக எரிந்தால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். நீங்களாக முயலாதீர்கள்.

வால்வு பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பியிருந்தால் அந்தப் பணத்தில் முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள். மிச்சத்தில் புது ஊசி ஒன்று வாங்கிப் போடுங்கள். அதற்குப் பிறகும் வால்வு வேண்டுமென்று தோன்றினால், பெட்டியோடு வாருங்கள், உங்கள் முன்னாலேயே திறந்து காட்டுகிறேன்.