தக்காளியும் உப்பும்

ஊரில் உவர்க் கிணற்று நீர் இறைத்த தோட்டங்களில் தக்காளி செழிக்காது என்பதை நம்மில் பலர் அறிவோம். இங்கே ரொறன்ரோவில் பனிகாலத்தில் வாசலிலும் வீதியிலும் தூவும் உப்பு, உருகும் பனியோடு வளவு மண்ணிலும் சேர்கிறது. அது செடியை என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

உப்பு இரண்டு வழிகளில் தாக்குகிறது. மண்ணில் உப்புக் கூடினால் வேரால் நீரை எளிதில் உறிஞ்ச முடியாது. நிலம் ஈரமாக இருந்தும் செடி வாடும். அத்தோடு உப்பிலுள்ள சோடியம் கலங்களுக்குள் புகுந்து, பொற்றாசியத்தின் இடத்தைப் பிடித்து, நொதியங்களின் வேலையைக் குழப்பும்.

செடியும் சும்மா இருப்பதில்லை. அப்சிசிக் அமிலம் என்ற ஓமோனைச் சுரந்து, இலைத் துளைகளை மூடி, நீரிழப்பைக் குறைக்கிறது. புரோலின் என்ற அமினோ அமிலத்தையும் சர்க்கரைகளையும் சேர்த்துக் கலங்களில் நீரைப் பிடித்து வைக்கிறது. உள்ளே வந்த சோடியத்தைக் கலத்திலுள்ள புன்வெற்றிடம் என்னும் பைக்குள் தள்ளி அடைக்கிறது. இவற்றுக்கெல்லாம் சக்தி செலவாவதால் வளர்ச்சி குன்றிக் காய் சிறுக்கிறது.

இதை வைத்தே ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஹொங் சியா சாங், எடுவார்டோ புளும்வால்ட் ஆகியோர் அதை 2001ஆம் ஆண்டு வெளியிட்டனர். அரபிடொப்சிஸ் என்ற சிறு செடியின் பரம்பரையலகு ஒன்றைத் தக்காளியில் சேர்த்து, சோடியத்தைப் புன்வெற்றிடத்துக்குள் தள்ளும் புரதத்தைப் பெருக்கினர். லீற்றருக்கு ஏறத்தாழ 12 கிராம் உப்புள்ள நீரிலும், அதாவது கடல்நீரின் உப்பில் மூன்றிலொரு பங்கிலும், அச்செடிகள் பூத்துக் காய்த்தன. உப்பு இலைகளில் தங்கியது; பழத்தில் மிகக் குறைவாகவே சேர்ந்தது.

நமக்கோ உப்பை ஒதுக்கி வைக்க இலைகள் இல்லை. மிகுதியைச் சிறுநீரகமே வெளியேற்ற வேண்டும். அதற்கு மேலும் உப்புச் சேர்ந்தால் உடலில் நீர் தேங்கி, குருதியமுக்கம் உயரும். வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 2300 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் கூடாது என்பது கனடா சுகாதாரத் திணைக்களத்தின் அறிவுரை. இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு. கருவாடு, ஊறுகாய், மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும்.

நாம் செய்யக்கூடியவை:

- உப்புக் கலந்த பனியைத் தக்காளிப் பாத்தியில் குவிக்காதீர்கள்.
- மே மாதக் கடைசியில் கன்று நடுமுன் பாத்திக்கு நிறையத் தண்ணீர் விட்டு, உப்பை ஆழத்துக்குக் கழுவி விடுங்கள்.
- சொதி, ரசத்தில் தக்காளியையும் தேசிக்காய்ப் புளியையும் சற்றுக் கூட்டி, உப்பைக் குறையுங்கள்.

சிறுநீரக நோயுள்ளவர்கள் தக்காளியைக் கூட்டுமுன் குடும்ப வைத்தியரைக் கேட்பது நல்லது. அதில் பொற்றாசியம் அதிகம்.